சின்ன எஸ்யூவி வாங்கப் போகிறேன், மோதல் சோதனையில் கொடுக்கும் நட்சத்திரத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

வெருலம்வாசி:

வணக்கம். அடுத்த மாதத்துக்குள் பழைய காரை மாற்றியே ஆக வேண்டும். வீட்டில் நாலு பேர், அதில் என் மாமியாரும் இரண்டரை வயது மகளும் எப்போதும் பின்சீட்டில்தான். மாதம் ஒரு தடவையாவது டர்பன் பக்கத்திலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோகன்னஸ்பர்க் போய் வருகிறோம். மழை நாளில் வான் ரீனன் கணவாயில் முன்னாலும் பின்னாலும் லாரியாக இருக்கும்போது வயிற்றைக் கலக்கும்.

பார்த்து வைத்திருப்பது இரண்டு. ஒன்று புது சுசூகி ஃபிராங்ஸ். இன்னொன்று 2020 மாடல் மஹிந்திரா எக்ஸ்யூவி300, செகண்ட் ஹேண்ட். ஃபிராங்ஸுக்கு, தென்கிழக்கு ஆசியாவில் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் ஆசியான் என்கேப் அமைப்பு 5 நட்சத்திரம் கொடுத்திருக்கிறது, அதே பெயர் கொண்ட காருக்கு 2025 கடைசியில் ஆஸ்திரேலியாவில் 1 நட்சத்திரம்தான். ஒரே காருக்கு எப்படி இரண்டு மார்க் வரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எனக்கு விலையை விட இதுதான் பெரிய கவலை.

டொங்காட் மல்லிகை:

தம்பி, போன வருடம் இதே குழப்பத்தில் நானும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நட்சத்திரம் காரின் பெயருக்குக் கிடைப்பதில்லை, எந்த நாட்டுக்காகச் செய்த வண்டி, எந்த வருடத்து விதி, எந்த மாதிரி மோதல் என்பதற்குத்தான் கிடைக்கிறது. சுசூகி எஸ்-பிரெஸ்ஸோவையே பாருங்கள், இந்தியாவில் 2020-இல் சோதித்தபோது பூஜ்யம். 2022-இல் நம் தென்னாப்பிரிக்காவுக்கு வரும் வண்டியைச் சோதித்தபோது பெரியவர்களின் பாதுகாப்புக்கு 3.

இதே மாதிரி சோதிக்கும் குளோபல் என்கேப் 2017-இலிருந்து இங்கே வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏ அமைப்போடு சேர்ந்து ஆப்பிரிக்காவில் விற்கும் கார்களைத் தனியாகவே சோதிக்கிறது. அதைத்தான் முதலில் தேட வேண்டும். எஸ்யூவி என்றால் உயரமாக, தெம்பாக இருக்கும் என்று நினைக்கிறோம், ஆனால் 2020-இல் ஹவால் எச்1-க்கு அங்கே கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம்.

ஆஸ்திரேலியா விஷயத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது 1 என்ற எண்ணை இல்லை, அது எதனால் வந்தது என்பதை. நேர் மோதலில் பின்சீட் பெல்ட் பிடித்து நிறுத்தாமல் விட்டுவிட்டது, சரி செய்யும் வரை பின்னால் யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்று சோதித்தவர்களே சொன்னார்கள். உங்கள் வீட்டில் பின்னால் யார் உட்காருகிறார்கள்? இங்கே விற்கும் வண்டியில் அந்த பெல்ட் பாகம் எது, மாற்றிவிட்டார்களா என்று ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் விடாதீர்கள், மெயிலில் வாங்குங்கள்.

பட்டறைக்காரன்:

அக்கா சொன்னது சரி. நான் டர்பனில் இருபது வருடமாக பேனல் பீட்டிங், அதாவது அடிபட்ட வண்டியின் பாடியை நிமிர்த்தும் வேலை செய்கிறேன், அதனால் செகண்ட் ஹேண்ட் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

எக்ஸ்யூவி300 நல்ல வண்டி. பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 4 வாங்கியது, அக்கா சொன்ன ஆப்பிரிக்கச் சோதனையில் முதன்முதலாக 5 வாங்கியதும் அதுதான். ஆனால் அது பழைய விதி. 2022 நடுவில் விதியை இறுக்கிவிட்டார்கள், இப்போது 5 வேண்டுமென்றால் பக்கவாட்டு மோதல், கம்பத்தில் மோதுவது, வண்டி வழுக்காமல் பிடிக்கும் இஎஸ்சி எல்லாம் தேற வேண்டும். இஎஸ்சி இல்லாத வண்டியை மட்டும் தொடாதீர்கள். ஈர ரோட்டில் வளைவில் வண்டி வழுக்க ஆரம்பித்ததும் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் என்று அதுவே பார்த்துக்கொள்ளும், மலைப்பாதையில் அதன் அருமை தெரியும். இன்னொன்று, முன்பக்க மோதல் சோதனை மணிக்கு 64 கிலோமீட்டரில், ஏறக்குறைய தன் எடையுள்ள வண்டியோடு மோதுவது போலத்தான் நடக்கும். லாரிக்கு அந்தக் கணக்கு செல்லாது, இடைவெளி விட்டு ஓட்டுவதுதான் வழி.

5 நட்சத்திர வண்டியே ஒரு தடவை அடிபட்டு ஒழுங்கில்லாமல் ஒட்டப்பட்டிருந்தால் அந்த 5 போய்விடும். பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிலையைச் சொல்லும் குறியீடு கோடு 3 என்று இருந்தால் உருக்குலைந்து திரும்பக் கட்டியது. கோடு 2, அதாவது சாதாரண செகண்ட் ஹேண்ட் என்று இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், இன்சூரன்ஸ் கைவிட்ட வண்டி கோடு 2-ஆகவே ஏலத்தில் போய் வெளியே வந்ததை நானே பார்த்திருக்கிறேன். வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்-ஐப் போட்டு இன்சூரன்ஸ் சங்கத்தின் தளத்தில் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் கடைசி வரை வெளியே இழுங்கள், அடியில் துணி லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். மூன்று பெல்ட் 2020, ஒன்று மட்டும் 2023 என்றால் ஏன் என்று கேளுங்கள். சாவி திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள், உள்ளே பை இல்லாமலும் இருக்கலாம்.

இதைப் படிக்கும் வேறு யாராவது பத்துப் பதினைந்து வருடப் பழைய வண்டி பார்க்கிறீர்கள் என்றால், டக்காட்டா ஏர்பேக் திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பையை ஊதவைக்கும் அதன் வெடிமருந்து வெக்கையிலும் ஈரக்காற்றிலும்தான் கெட்டுப்போகிறது, நம் டர்பன் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

வெருலம்வாசி:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை மகளின் சீட்டைத் தூக்கிக்கொண்டே போனேன். எக்ஸ்யூவியின் பின்சீட் இடுக்கில் விரலை விட்டுத் தடவினால் குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பி கிடைத்தது, சீட் டக்கென்று மாட்டிக்கொண்டது, ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பெல்ட்டுகளை இழுத்துப் பார்த்தேன், எல்லா லேபிளிலும் 2020 தான். விளக்கும் எரிந்து அணைந்தது. விஐஎன் சோதனை பாக்கி. ஃபிராங்ஸ் ஷோரூமுக்கு பெல்ட் பற்றி மெயில் போட்டிருக்கிறேன், அவர்களிடமிருந்து எழுத்தில் பதில் வரும் வரை முன்பணம் கட்டுவதாக இல்லை.