டூயல் பூட் என்று என்னை அழைத்த நாள்

மென்பொருள் சோதனையாளர்:

நான் இருபாலீர்ப்பு உடைய பெண். மென்பொருள் சோதனைப் பணியில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. களைப்பாக இருந்தால் "பேட்டரி இறங்கிவிட்டது" என்போம், சொன்னது காதில் விழாவிட்டால் "பேக்கெட் தொலைந்துவிட்டது" என்போம், காதல் முறிந்து வருந்துபவரிடம் "இன்னும் கேஷ் (பழைய தரவைத் தற்காலிகமாகத் தேக்கி வைக்கும் இடம்) அழியவில்லையா?" என்று கேட்போம். ஆகவே, குழுவில் உள்ளவர்களிடம் என் ஈர்ப்பைப் பற்றி நானே சொன்ன சில நாள்களில், சக ஊழியர் ஒருவர் "இவங்க டூயல் பூட்" என்று சொன்னபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அன்று இரவு ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. உறுத்தியது சிரிப்பு அன்று, உவமை. டூயல் பூட் என்றால் என்ன? ஒரே வட்டில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இரண்டு இயக்கமுறைமைகள் இருக்கும்; ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். கணினியைத் தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது வட்டில் உறங்கிக் கிடக்கும். அதற்குப் போக வேண்டுமானால் இதை மூடிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். எங்களைப் பற்றிப் பலர் நம்புவதும் அப்படியே இதுதான். ஆணோடு வாழ்ந்தால் "இப்போது சரியாகிவிட்டாள்" என்பார்கள். பெண்ணோடு வாழ்ந்தால் "அந்தப் பக்கம் போய்விட்டாள்" என்பார்கள். ஆறு ஆண்டுகள் ஓர் ஆணோடு வாழ்ந்தேன். அந்த ஆறு ஆண்டுகளிலும் எனக்குள் எதுவும் மூடப்படவில்லை; பிறகு ஒரு பெண்ணை விரும்பியபோது எதையும் மறுபடி தொடங்கவும் இல்லை.

மறுநாள் அவரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் எது சரியான உவமை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கேலி இல்லை என்பதை அவர் முகமே காட்டியது. விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி என்றார். அதில் ஒன்று வீட்டுக்காரராகவும் மற்றது விருந்தாளியாகவும் இருக்குமே என்று மறுத்தேன். இரண்டு திரைகள் கொண்ட கணினி என்றார். எனக்கு ஒரே பார்வைதான் என்றேன். அரை மணி நேரம் கழித்து, இரண்டு வகைக் கோப்புகளையும் திறக்கத் தெரிந்த ஒரே மென்பொருள் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். எந்தக் கோப்பைத் திறந்திருந்தாலும் மென்பொருள் அதேதான். என் வாழ்க்கையைப் பற்றி அதற்கு முன் யாரும் அவ்வளவு கவனமாக அரை மணி நேரம் யோசித்ததில்லை.

எனவே நான் இத்தகைய நகைச்சுவைக்கு எதிரானவள் அல்லள். கணினியையும் காதலையும் சேர்த்து விளையாடியதில் எங்கள் மனிதர்களுக்கு முன்னுரிமையே உண்டு. 1952இல் கணினி அறிவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியில் காதல் கடிதங்கள் எழுதும் நிரல் ஒன்றை உருவாக்கினார். அந்த இயந்திரம் தற்செயல் எண்களைத் தரும் வசதியைப் பெற்றிருந்தது; அதைச் சேர்க்கச் சொன்னவர் கணினியியலின் முன்னோடியான ஆலன் டூரிங். அந்த எண்களைக் கொண்டுதான் நிரல் கொஞ்சு சொற்களைத் தேர்ந்தெடுத்துக் கோத்தது. இருவருமே ஆண்களை விரும்பிய ஆண்கள். அதே 1952இல்தான் டூரிங் தன் காதலுக்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். அந்த ஆண்டை நினைக்கும்போதெல்லாம், இயந்திரம் தங்கு தடையின்றி எழுதிய கடிதங்களை அவர்கள் இருவரும் வெளிப்படையாக எழுத முடியாமல் இருந்ததே என்று மனம் கனக்கிறது.

நான் கண்டவரை, உவமை எந்த இடத்தில் தொழில்நுட்பமாகப் பிழைபடுகிறதோ, மனிதர்களைப் பற்றிய பிழையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்.

மின்சுற்று வடிவமைப்பாளர்:

நான் தன்பாலீர்ப்பு உடைய ஆண். எனக்கு மூத்த பொறியாளர் ஒருவர், என் விஷயம் தெரிந்த பிறகு, கூட்டங்களில் "கணினிக்கு 0, 1 என்று இரண்டே நிலைதான், மனிதனுக்கும் அதுதான்" என்று அடிக்கடி சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். மின்சுற்றோடு வாழ்நாளைக் கழித்த ஒருவர் இதைச் சொன்னதுதான் என்னை மிகவும் வருத்தியது. கம்பியில் ஓடுவது 0, 1 அன்று, மின்னழுத்தம் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? டிடிஎல் எனப்படும் டிரான்சிஸ்டர் வகைச் சுற்றுகளின் உள்ளீட்டில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதை 0 என்றும், 2 வோல்ட்டுக்கு மேலே இருப்பதை 1 என்றும் கொள்கிறோம். நம் வசதிக்காக நாம் வகுத்துக்கொண்ட விதி அது. இடைப்பட்ட பகுதியில் மின்னழுத்தம் இல்லாமல் போய்விடுவதில்லை. நம் விதியில்தான் அதற்குப் பெயர் இல்லை.

ஒருநாள் அவரிடம் தனியாக இன்னொன்றையும் சொன்னேன். 0 அல்லது 1 என ஒன்றைக் குறிக்கும் மிகச் சிறிய தகவல் அலகான 'பிட்' என்ற சொல்லை அச்சில் கொண்டுவந்த, தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானனின் ஆய்வுக் கட்டுரை வெளியானது 1948இல். அந்தச் சொல்லைத் தந்தவர் ஜான் டூக்கி என்று ஷானனே அதில் குறிப்பிட்டிருக்கிறார். அதே 1948இல்தான் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் மனிதர்களின் ஈர்ப்பை 0 முதல் 6 வரையிலான ஏழு படிகளாக வைத்து வெளியிட்டார்கள். பாலியல் நாட்டமோ தொடர்போ இல்லாதவர்களுக்கு 'எக்ஸ்' என்ற தனிக் குறியும் அவர்களிடம் இருந்தது. ஏழு படிகளோடு அந்தக் குறியையும் சேர்த்தால் எட்டு. எட்டு நிலைகளைக் குறிக்க மூன்று பிட் போதும். "ஐயா, நீங்கள் ஒரு பிட்டோடு நிறுத்திவிட்டீர்கள், இன்னும் இரண்டு பிட் ஒதுக்கியிருந்தால் எங்களுக்கும் இடம் இருந்திருக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அந்த வாக்கியத்தை அவர் எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை. கின்சியின் படிகளும் மனிதர்களை முழுமையாக அளந்துவிடவில்லை என்பதை நான் அறிவேன். இருப்பினும் ஒரு பிட்டுக்கு மூன்று பிட் மேல்.

தரவுத்தளப் பணியில் இருப்பவர்:

நான் திருநங்கை. என் அனுபவம் ஓர் எண்ணைப் பற்றியது; தமிழ் அறிந்தவர்களுக்கு அது எந்த எண் என்று நான் சொல்லாமலே விளங்கியிருக்கும். பள்ளி நாள்களிலிருந்து அந்த எண்ணைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்தார்கள். வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது அந்த எண் வந்ததும் பின் வரிசையில் சிரிப்பொலி எழும்.

பல ஆண்டுகள் கழித்து, ஆள் விவரங்களைச் சேமிக்கும் அட்டவணை ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தோம். பாலினத்தைக் குறிக்க ஐஎஸ்ஓ 5218 என்ற பன்னாட்டுத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது. அதன்படி 0 என்றால் தெரியவில்லை, 1 என்றால் ஆண், 2 என்றால் பெண், 9 என்றால் பொருந்தாது. புதிதாகச் சேர்ந்த இளைஞர் இதைத் திரையில் படித்துவிட்டு, என்னைப் பார்த்து, "ஸ்டாண்டர்டுலயே உங்களுக்கு இடம் ஒதுக்கிட்டாங்களே, அக்கா!" என்று சொல்லிச் சிரித்தார். அறையில் இருந்த மற்றவர்கள் குனிந்து விசைப்பலகையைப் பார்த்தார்கள். அந்தக் குனிந்த தலைகளை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. சிரித்தவரைவிட அவர்களே எனக்கு அதிக வலியைத் தந்தார்கள்.

நான் எழுந்து போகவில்லை. "தம்பி, 9 என்பது அந்தக் கேள்வியே பொருந்தாத பதிவுகளுக்கு உரியது. என்னிடம் கேட்டால் எனக்குப் பதில் இருக்கிறது. என் பதிவில் இருக்கும் மதிப்பு 2" என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லி முடித்தேன். மாலையில் அவர் வந்து, அந்த எண் எங்களை எவ்வளவு காலமாகத் துரத்துகிறது என்று தனக்குத் தெரியாது என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தமிழ் பேசி வளர்ந்த ஒருவருக்கு அது தெரியாமல் இருக்க முடியுமா? எனினும், மன்னிப்புக் கேட்க நாடி வந்தவரை நான் திருப்பி அனுப்பவில்லை.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். நண்பர்கள் அன்போடு என்னை "வெர்ஷன் 2" என்பார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் என் தொழிலில் புதிய பதிப்பு வேறு, திருத்தம் வேறு. தொடக்கத்திலேயே தவறாக உள்ளிடப்பட்ட ஒரு மதிப்பைச் சரிசெய்தால் அதைப் புதிய பதிப்பு என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு நடந்தது திருத்தம்.

கணினிப் பொறியாளரான திருநங்கை லின் கான்வேயையும் நினைவுகூர வேண்டும். தான் பெண்ணாக மாறவிருப்பதைத் தெரிவித்ததற்காக 1968இல் ஐபிஎம் என்ற கணினி நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் புதிய பெயரோடு அடிமட்டத்திலிருந்து மறுபடி தொடங்கினார்; கார்வர் மீடோடு சேர்ந்து எழுதி 1980இல் வெளியான பாடநூலின் வழியே, ஒரு சில்லில் எண்ணற்ற டிரான்சிஸ்டர்களை அடுக்கி வடிவமைக்கும் முறையை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தார். அந்த நிறுவனம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது 2020இல். அதற்கு 52 ஆண்டுகள் ஆயின.

கணினி பழுதுபார்ப்பவர்:

என் தந்தையும் இதே தொழிலில் இருந்தவர். நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். நான் ஓர் ஆணைக் காதலிப்பதாகச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "எங்கேயோ வைரஸ் ஏறியிருக்கு, ஃபார்மேட் பண்ணிடலாம்" என்று வேடிக்கைபோலச் சொன்னார். ஆனால் அடுத்த வாரமே என்னை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார்; அந்த மருத்துவரும் மாற்றிவிடலாம் என்று உறுதியளித்தார். நான்கு மாதங்கள் போய்வந்தேன். அந்த மாதங்களைப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டு மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடையில் ஒருநாள், எத்தனை முறை ஃபார்மேட் செய்தும் அதேபோல நடந்துகொண்ட ஒரு கணினியை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "அப்பா, இது வட்டில் இல்லை, மதர்போர்டிலேயே இருக்கிறது, ஃபார்மேட் செய்தால் வட்டில் உள்ள நல்லதெல்லாம் அழியும், இது அப்படியே இருக்கும்" என்றேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் என்னைப் பார்த்தார். மறுவாரம் மருத்துவரிடம் போகச் சொல்லவில்லை. இப்போது தொலைபேசியில் பேசும்போது, "ரெண்டு பேருக்கும் நடுவுல சிக்னல் நல்லா இருக்கா?" என்றுதான் என் துணைவரைப் பற்றி விசாரிக்கிறார். அவரால் வேறு சொற்களில் கேட்க முடியவில்லை என்பது எனக்குப் புரிகிறது. எனக்கு அதுவே போதும்.

வலையமைப்புப் பொறியாளர்:

என் துணைவியும் பெண் என்று அறிந்த ஒருவர், "இரண்டும் சாக்கெட் என்றால் இணைப்பு எப்படி?" என்று கேட்டார். இது கூசவைக்கும் கேள்வி. நெருக்கம் என்பதைச் செருகுவதாக மட்டுமே எண்ணுபவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். 1980களில் டோக்கன் ரிங் என்ற கணினி வலையமைப்பு வகையில் பயன்பட்ட ஐபிஎம் இணைப்பிகளில் ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது; ஒரே வடிவம் கொண்ட இரண்டு முனைகள் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டன. அவரிடம் அதைச் சொன்னேன். எங்களுக்கு இடையே இப்போது கம்பியே தேவைப்படவில்லை என்றும் சொன்னேன்.

சர்வர் நிர்வாகி:

மற்றவர்கள் தாங்கள் கேட்ட நகைச்சுவையைச் சொன்னார்கள். நான் சொன்ன நகைச்சுவையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரியிலிருந்து என்னோடு வரும் நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்பதை நான் ஊகித்திருந்தேன். அவன் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. ஒரு விருந்தில் பலர் நடுவே, "இவனுக்குள்ள ஒரு ஹிட்டன் ஃபோல்டர் இருக்கு, நான் திறந்து காட்டட்டுமா?" என்றேன். அவன் முகம் வெளுத்தது. அடுத்த மூன்று ஆண்டுகள் அவன் என்னோடு பேசவில்லை.

யுனிக்ஸ் வகை இயக்கமுறைமைகளில் ஒரு கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கினால் அது வழக்கமான பட்டியலில் தென்படாது; அவ்வளவுதான். தேடத் தெரிந்தவர் எளிதில் கண்டுபிடித்துவிடலாம். கண்ணில் படுவது வேறு. படிக்கும் உரிமை வேறு. அந்த உரிமையைக் கொடுக்க வேண்டியவர் கோப்பின் உரிமையாளர். நாள்தோறும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்த அனுமதிகளை வகுத்துக்கொடுப்பவன் நான். என் கண்ணில் பட்டுவிட்டது என்பதையே உரிமையாக எடுத்துக்கொண்டு, அவன் யாரிடம் எப்போது சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் பதில் நானே முடிவுசெய்துவிட்டேன்.

இதை அப்படியே எழுதி, மன்னிப்புக் கேட்டு அவனுக்கு அனுப்பினேன். பதினொரு நாள்கள் பதில் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு படம் வந்தது: அவனும் அவனுடைய துணைவரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். படத்தின் கீழே, "உனக்குப் படிக்கும் அனுமதி மட்டும்" என்று எழுதியிருந்தான்.