நேர்காணல் தர விரும்பும் பெண் வல்லுநர்கள்: பரிந்துரை தேவை

நிலத்தடி நீர், தொற்றுநோயியல், வரிச் சட்டம் ஆகிய துறைகளில் பத்திரிகைக்கு நேர்காணல் தர முன்வரும் பெண் வல்லுநர்களைக் குழு உறுப்பினர்கள் அறிமுகப்படுத்தி உதவுமாறு வேண்டுகிறேன். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டத்தின் 2020-ஆம் ஆண்டு ஆய்வின்படி, செய்திகளில் வல்லுநராகப் பேசுபவர்களில் பெண்கள் ஏறத்தாழ 24 சதவீதமே. இதற்குத் தகுதியானவர்கள் இல்லாதது காரணமன்று. பக்கம் முடிக்கும் அவசரத்தில், கைப்பேசியில் ஏற்கெனவே எண் உள்ள அதே சிலரையே செய்தியாளர்களாகிய நாங்கள் திரும்பத் திரும்ப அழைக்கிறோம் என்பதே என் கருத்து. "இது என் உட்பிரிவு இல்லை, வேறு யாரையாவது கேளுங்கள்" என்று தயங்கி விலகும் பேராசிரியைகளும் உண்டு என்பதால், கேள்விகளை முன்கூட்டியே அனுப்பி, அவர்களது கூற்றுகளை வெளியிடுமுன் சரிபார்க்கவும் தருவேன். பெரும் பதவி அவசியமில்லை. ஆய்வு மாணவியர், களப் பொறியாளர்கள் என எவராயினும் சரி. உரியவரின் சம்மதம் பெற்ற பின்னரே விவரங்களைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.