தொலைவில்லையா, நெடுங்குவியமா? டெலிஃபோட்டோ லென்சுக்கு ஒரு சொல் வேண்டும்

திருப்பூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பறவை, விலங்குப் படங்களும் வான்சாகசப் படங்களும் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்காக ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்பதுதான் அதில் பாதி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். படிக்கப்போகிறவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். வேடந்தாங்கலில் கூழைக்கடாவை எடுக்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு, 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படைச் சாகசத்தைப் பார்த்துவிட்டுக் கேமரா வாங்கியவர்களும் உண்டு.

குவியத் தொலைவு பாடநூலிலேயே இருக்கிறது, எடுத்துக்கொண்டேன். ஷட்டரை அப்படியே விட்டுவிட்டேன். சிக்கல், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலிஃபோட்டோ லென்சில். லென்சுக்கு வில்லை என்று சொல்லும் பழைய பட்டியல் ஒன்றிலிருந்து 'தொலைவில்லை' என்று போட்டிருந்தேன். "தொலைவில்லை வாங்குமுன்" என்ற அத்தியாயத் தலைப்பைப் பக்கம் அமைப்பவர் 'தொலைவு இல்லை' என்று படித்துவிட்டு, ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். குவியத் தொலைவு மாறாத பிரைம் லென்ஸ் இன்னும் மோசம். 'மாறாக் குவிய வில்லை' என்பதில் இடைவெளி போனால் 'குவியவில்லை' ஆகிவிடுகிறது. "பறக்கும் பறவைக்கு 500 மி.மீ. குவியவில்லை நல்லது" என்ற வரியைப் படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? வழி சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பி, இதைக் குறையாக ஏன் பார்க்க வேண்டும்? தொலை + வில்லை, தொலைவு + இல்லை என்று இரண்டு விதமாகப் பிரிவது பிரிமொழிச் சிலேடை. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் கருவிக்குத் 'தொலைவு இல்லை' என்ற பொருளும் சேர்ந்து வருவது கொடுப்பினை. எந்த மொழிக்கு வாய்க்கும்?

வில்லை என்ற சொல்லைக் கைவிடக் கூடாது. சந்தன வில்லை, கற்பூர வில்லை, மாத்திரை வில்லை, அந்தக் காலத்து வில்லைச் சேவகன் மார்பில் தொங்கிய பித்தளை வில்லை எல்லாமே வட்டமாய்த் தட்டையாய் இருப்பவை. லென்ஸ் என்பதே இலத்தீனில் மைசூர்ப் பருப்பின் பெயர்தான். வடிவத்தைப் பார்த்துத்தான் அவர்களும் வைத்தார்கள். வில் என்ற வேரிலிருந்து வந்தது என்பது என் துணிபு. குவிவில்லையைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் இரண்டு விற்கள் நாணோடு நாண் சேர்ந்து நிற்கும். 'விள்' என்ற வேரையும் தள்ளிவிட முடியாது. விள்ளுதல் என்றால் பிளத்தல், மலர்தல். முப்பட்டகம் ஒளியை விள்ளுகிறது, வில்லையும் ஓரத்தில் நிறம் பிரிக்கிறது அல்லவா? இதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

தாம்பரத்திலிருந்து:

ஐயா, தனி மடல் வரட்டும், காத்திருக்கிறேன். ஆனால் களத்தில் யாரும் இந்தச் சொற்களில் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. குவியத் தொலைவின் எண்ணைத்தான் சொல்வோம். "இருநூறு அறுநூறு வெச்சிருக்கியா?", "ஐந்நூறு பிஎஃப் எடுத்துட்டு வா". அவ்வளவுதான்.

சொல்லைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. கையேட்டில் நீண்ட லென்ஸ் எல்லாவற்றுக்கும் டெலிஃபோட்டோ என்று இருந்தால், தமிழிலும் அதே குழப்பம் வரும். டெலிஃபோட்டோ என்பது ஒரு வடிவமைப்பு. முன்னால் ஒளியைக் குவிக்கும் தொகுதி, பின்னால் அதைக் கொஞ்சம் விரிக்கும் தொகுதி. அதனால் லென்சின் உடல், குவியத் தொலைவைவிடக் குட்டையாகிறது. 2018இல் வந்த நிக்கானின் 500 மி.மீ. பிஎஃப் லென்சை எடுத்துக்கொள்ளுங்கள் (பிஎஃப் என்பது உடலை இன்னும் குறுக்க உதவும் ஒரு தனி வகைக் கண்ணாடி). குவியத் தொலைவு 500 மி.மீ., உடல் நீளம் 237 மி.மீ., எடை 1,460 கிராம். பாதி நீளம்கூட இல்லை. 'தொலை' என்று போட்டாலும் 'நெடு' என்று போட்டாலும் இந்தக் குட்டைத்தனம் சொல்லில் வராது.

அப்புறம், பிள்ளைகளுக்கு உண்மையில் உதவுவது சொல் இல்லை, கணக்கு. ஃபுல் ஃபிரேம் கேமராவில், படம் விழும் உணரி (சென்சார்) 36 மி.மீ. அகலம். 600 மி.மீ. லென்ஸ் வைத்து 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் சிறு மீன்கொத்தியைப் பார்த்தால், சட்டத்துக்குள் 60 செ.மீ. அகலம்தான் வரும். பறவை ஒரு சாணுக்கும் குறைவு. அப்போதும் சட்டத்தின் அகலத்தில் கால்வாசியைத்தான் அடைக்கும். 200 மி.மீ. என்றால் சட்டம் 1.8 மீட்டர், பறவை புள்ளியாகிவிடும். அதே 600ஐ வான்சாகசத்துக்குக் கொண்டுபோனால் கதை தலைகீழ். 500 மீட்டரில் சட்டத்தின் அகலம் 30 மீட்டர்தான். விமானப்படையின் சூர்யகிரண் சாகச அணியின் ஹாக் விமானம் ஒன்றின் சிறகு வீச்சே ஏறத்தாழ 10 மீட்டர். ஒன்பது விமானங்கள் எங்கே அடங்கும்? அங்கே 100-400 போதும், அணிவகுப்பு நேராகத் தலைக்கு மேல் வந்தால் 100 மி.மீ.கூட நெருக்கும். காலை பத்து மணிக்குமேல் மெரினா மணலிலிருந்து கானல் எழும்பிவிட்டால், எத்தனை நீள லென்ஸ் வைத்திருந்தாலும் தூரத்து விமானத்தின் விளிம்பு நெளியத்தான் செய்யும். இதையெல்லாம் முதல் அத்தியாயத்தில் போடுங்கள் தோழரே, பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே வில்லைதான். குவிவு வில்லை, குழிவு வில்லை, குவியத்தூரம். ஒருவரும் 'இல்லை' என்று வாசித்து மயங்கினதாக நான் கேள்விப்படவில்லை. உங்கட பாடநூல்களில் லென்ஸ் என்றும் லென்சு என்றும் மாறி மாறி வருகுது, அதனாலதான் வில்லை உங்களுக்குப் பழக்கமில்லாமல் போச்சுது. பழக்கம் இல்லாத சொல்தான் பிழையாகத் தெரியும். ஆனால் தொலைவில்லைக்கு இன்னொரு தடை இருக்கு. தொலைகாட்டிக்குள் இருக்கிற வில்லை என்றும் பிள்ளைகள் விளங்கிக்கொள்ளும்.

கோயம்புத்தூரிலிருந்து:

ஒளியியல் சொல்லித்தருகிறவன் என்ற முறையில் என் பரிந்துரை 'நெடுங்குவிய வில்லை'. 'தொலை' என்பது பயனைச் சொல்கிறது, 'நெடுங்குவியம்' பண்பைச் சொல்கிறது. கலைச்சொல் பண்பைச் சொல்வதுதான் நல்லது. குறுங்குவியம், இடைக்குவியம், மாறுகுவியம் என்று குடும்பமாகவும் வரும். தாம்பரத்து நண்பர் சொன்ன வடிவமைப்பைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'குறுகிய உடல் நெடுங்குவியம்' என்று விளக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. சிறிய உணரிக் கேமராவில் 600 மி.மீ. லென்சைப் போட்டால் 900 ஆகிவிடும் என்று கையேட்டில் இருந்தால் திருத்துங்கள். குவியத் தொலைவு 600 தான். காட்சிக் கோணம் மட்டும் 900க்கு உரிய அளவுக்குச் சுருங்குகிறது.

பாளையங்கோட்டையிலிருந்து:

நெடுங்குவியம் என்பதில் புணர்ச்சி சரி, பொருள்தான் இடிக்கிறது. குவியம் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஏது நெடுமை? நெடியது தொலைவு.

ஆனால் இரவு யோசித்தபோது ஒன்று தோன்றியது. பண்புத்தொகையாகக் கொண்டால்தான் இந்த இடர். அன்மொழித்தொகையாகக் கொள்ளுங்கள். பைந்தொடி வந்தாள் என்றால் வளையலா வந்தது? அதைப்போல, நெடிதாய் அமைந்த குவியத்தை உடைய வில்லையே நெடுங்குவியம். அப்படியானால் 'வில்லை' என்ற சொல்லையே பின்னால் சேர்க்க வேண்டாம். தம்பியின் 'குவியவில்லை' தொல்லையும் தீர்ந்தது. "நெடுங்குவியம் வாங்குமுன்" என்று தலைப்பிடலாம். இலக்கணம் இடம் தருகிறது.

தாம்பரத்திலிருந்து:

ஐயா, அன்மொழித்தொகை அழகுதான். கேமரா கடையில் போய் "ஒரு நெடுங்குவியம் காட்டுங்க" என்று கேட்டால் என்ன எடுத்து வருவார்கள்? வாங்கப்போகிறவனுக்கு எழுதும் கையேடு இது. லட்ச ரூபாய்க்கு மேல் போடப்போகிறான், பெட்டியில் எழுதியிருக்கும் பெயர் அவனுக்குத் தெரிய வேண்டாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

இடையில ஒரு கேள்வி. பறக்கிற பறவையோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பி எடுக்கிறதுக்கு என்ன சொல் போட்டீர்கள்? பேனிங்?

திருப்பூரிலிருந்து:

அதற்கு 'உடன்போக்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன். விமானப்படையின் சாரங் ஹெலிகாப்டர் சாகச அணி பற்றிய பகுதிக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது. சுழலி நிமிடத்துக்கு 300 சுற்றுக்குக் கொஞ்சம் மேல். 1/2000 நொடியில் எடுத்தால் இறக்கை ஒரு பாகைகூட நகராது, அந்தரத்தில் நின்றுபோனதுபோல் தெரியும். 1/60 நொடி என்றால் 30 பாகை நகர்ந்து சுழற்சி தெரியும், ஆனால் கேமராவும் கூடவே போனால்தான் உடல் துல்லியமாக விழும். அந்தக் கூடப்போவதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

கூடாது. உடன்போக்கு அகத்துறை. தலைவி தலைவனோடு பாலை வழியே போவதற்கு ஈராயிரம் ஆண்டாக நிற்கும் பெயர். அதை ஹெலிகாப்டருக்குக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து:

நான் சம்மதிக்கிறேன். பழைய சொல்லுக்குப் புது வேலை கொடுத்தால்தான் அது பேச்சில் இருக்கும். அடையாளம், முத்திரை என்று பொருள்பட்ட 'பொறி'யா இன்றைக்கு இயந்திரம் என்று கேட்டால் எங்கே போவது? பிள்ளைகள் பிளஸ் டூவிலேயே உடன்போக்கைப் படித்திருப்பார்கள், ஒருமுறை சொன்னால் மறக்க மாட்டார்கள்.

தாம்பரத்திலிருந்து:

பேனிங் இருக்கட்டும். 'கூடத் திருப்பு' என்று சொல்லித்தான் நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம். முதலில் லென்சை முடியுங்கள்.

திருப்பூரிலிருந்து:

நாளை காலை கோப்பு போயாக வேண்டும். இதுவரை எழுதியவர்களில் நெடுங்குவியத்துக்கு இரண்டு பேர் ஆதரவு, தொலைவில்லையை யாரும் தொடர்ந்து வற்புறுத்தவில்லை. எனவே 'நெடுங்குவிய லென்ஸ்' என்று முடிக்கிறேன். அத்தியாயத்தின் முதல் வரியில் மட்டும் "கடைகளில் டெலிஃபோட்டோ என்று கேளுங்கள்" என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறேன். மீன்கொத்தி, ஹாக் கணக்கு இரண்டும் முதல் அத்தியாயத்தில் வந்துவிட்டன. பேனிங் இந்தப் பதிப்பில் பேனிங்காகவே இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நல்லது. இங்கே பட்டறைக்கு அச்சிடும்போது லென்ஸ் வரும் இடமெல்லாம் வில்லை என்று மாற்றிக்கொள்ள அனுமதி தாருங்கோ.

பாளையங்கோட்டையிலிருந்து:

நெடுங்குவியத்துக்குப் பின்னால் லென்சை ஒட்டவைத்தது எனக்கு உடன்பாடில்லை. அன்மொழித்தொகை என்று நான் சொன்னதன் பயனே அதில் போய்விட்டது. இரண்டாம் பதிப்புக்கு எப்போது திருத்தம் அனுப்ப வேண்டும் என்று தெரிவிக்கவும். 'விள்' என்ற வேர் பற்றிய மடல் ஞாயிற்றுக்கிழமை வரும்.