எட்டாம் வகுப்புக்கு ஐந்து கட்டையா?

அரைநாள் ஆசிரியன்:
நேற்று வேறோர் இழையில் மேலவீதி அம்மையார் போகிற போக்கில் ஒரு தீர்ப்பை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நடுநிலைப் பள்ளியின் பாட்டு வகுப்பில் பள்ளி வாழ்க்கையைப் பற்றிய பாடல் சொல்லிக்கொடுக்க எங்கும் தேடி அலைய வேண்டாமாம், 'பசுமை நிறைந்த நினைவுகளே' என்ற திரைப்பாட்டு ஒன்றே போதுமாம், அதை 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண், எண் கூடினால் சுருதியும் ஏறும்) எடுத்துக் கொடுத்தால் எட்டாம் வகுப்பு மொத்தமும் பாடுமாம், பாடாதவன் சோம்பேறியாம்.

நான் வாரத்தில் மூன்று அரைநாள் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவன். அந்த 5 கட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்பு பாடியது. ஏழாம் வகுப்பில் கடைசி இரண்டு பெஞ்சுகள் முணுமுணுத்தன. எட்டாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் மட்டுமே பாடினார்கள். முன்வரிசையில் ஆர்வமாகப் பாடிய ஒரு பையனுக்கு மேலே போகிற இடத்தில் குரல் பிளந்து கீச்சென்று வெளிப்பட, வகுப்பே சிரித்தது. அன்றைக்கு மூடிய வாயை அவன் இன்றுவரை என் வகுப்பில் திறக்கவில்லை. அவன் சோம்பேறியா? மகரக்கட்டு உடைகிற, அதாவது சிறுவன் குரல் ஆண்குரலாக மாறுகிற, வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு 4 கட்டைக்கு மேல் சுருதி வைப்பது தவறு என்பது என் கருத்து.

மேலவீதி:
தம்பி, நான் 33 ஆண்டுகள் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறு முதல் எட்டு வரை எல்லா வகுப்பும் என்னிடம் 5 கட்டையில்தான் பாடின, ஆண்டு விழாவுக்கும் 5 கட்டைதான், பிரிவுபசார விழாவுக்கும் 5 கட்டைதான். ஒரு பிள்ளைக்கும் தொண்டை கிழிந்துவிடவில்லை. பையன் பாடவில்லை என்றால் சுருதிப்பெட்டியைக் குறை சொல்வது, ஆடத் தெரியாதவள் கூடத்தைக் கோணல் என்று சொன்ன கதையாக இருக்கிறது. பிள்ளைகள் சிரித்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பு அப்பா:
நான் பாட்டுக்காரன் இல்லை, பொறியாளன். 5 கட்டை என்பது ஆர்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டை. பெண்கள் வைக்கும் சுருதியில் அந்தச் சட்ஜமம், அதாவது முதல் ஸ்வரமான 'ச', ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ், மேல் சட்ஜமம் 392 ஹெர்ட்ஸ். குரல்வளை பெரிதாகிக் குரல்நாண்கள் நீண்டு தடித்துக்கொண்டிருக்கும் பையனுக்கு 260 ஹெர்ட்ஸைத் தாண்டினாலே வழுக்கத் தொடங்கிவிடுகிறது. என் மகனை வைத்து வீட்டில் அளந்தே பார்த்துவிட்டேன். 5 கட்டையில் அவனுக்குக் கிடைப்பது சட்ஜமத்திலிருந்து நான்காம் ஸ்வரமான மத்யமம் வரைதான். 4 கட்டையில் 175 ஹெர்ட்ஸில் தொடங்குவதால் ஐந்தாம் ஸ்வரமான பஞ்சமம் வரை போகிறான். அம்மையாரின் 33 ஆண்டு அனுபவத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அனுபவத்தை ஹெர்ட்ஸில் அளக்க முடியாதே.

மேலவீதி:
ஒரே ஒரு பையனை அளந்துவிட்டு ஊருக்கே சட்டம் போடுகிறார் பொறியாளர். 4 கட்டைக்கும் 5 கட்டைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு முழு ஸ்வரம். அதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? அந்தப் பாட்டை டி.எம்.சௌந்தரராஜனும் சுசீலாவும் சேர்ந்து பாடவில்லையா? ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் பாடுவது 1963இல் முடிந்தது, இப்போது உங்கள் வகுப்பில் மட்டும் முடியாதா?

அரைநாள் ஆசிரியன்:
ஒரு முழு ஸ்வரம்தானே என்றால் அதை நீங்களே இறங்கி வரலாமே! டி.எம்.எஸ் உச்சத்தில் பாடிப் பாடிப் பழுத்த பெரியவர். என் மாணவனுக்கு வயது 13. நேற்று இருந்த குரல் இன்று அவனிடம் இல்லை, நாளை எது வரும் என்பது அவனுக்கே தெரியாது. திரைப்பாட்டில் ஆண்குரல் மேலே ஏறியும் பெண்குரல் இயல்பான இடத்தில் நின்றும் ஒரே சுருதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வகுப்பில் அப்படிப் பங்கிடச் சொல்லிக்கொடுத்தால் சரி, "எல்லாரும் என்னோடு 5 கட்டையில் பாடுங்கள்" என்பது பங்கீடு ஆகாது.

தமிழாசிரியை:
இருவரும் மன்னிக்க வேண்டும். பள்ளி வாழ்க்கைப் பாட்டு என்பது எது என்று முடிவு செய்யாமல் கட்டையைப் பற்றிப் பேசுகிறீர்கள். 'பசுமை நிறைந்த நினைவுகளே' படத்தில் கல்லூரியை விட்டுப் பிரிகிறவர்கள் பாடுவது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் என்ன நினைவு இருக்கப்போகிறது? அவன் பள்ளிக்குள் நுழைந்தே இரண்டு மாதம்தான் ஆகிறது. மணி அடிப்பது, மதிய உணவு வரிசை, பெஞ்சில் இடம் பிடிப்பது, மழைக்கு விடுமுறை விடுவார்களா என்று காத்திருப்பது ஆகியவற்றைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லி மெட்டமைக்கலாம். இல்லையென்றால் பாரதியின் பாப்பா பாட்டு இருக்கிறது. காலையில் படிப்பு, பிறகு பாட்டு, மாலை முழுதும் விளையாட்டு என்று ஒரு மாணவனின் நாளையே அதில் வகுத்திருக்கிறார். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் 1904இல் தமிழாசிரியராக இருந்தவர் எழுதியதைவிடவா?

மேலவீதி:
பாப்பா பாட்டில் பள்ளி என்ற சொல்லே ஓரிடத்திலும் இல்லை, அம்மா. குருவி இருக்கிறது, கோழி இருக்கிறது, பசுவும் குதிரையும் இருக்கின்றன, பள்ளிக்கூடம் இல்லை. மீசை அரும்புகிற எட்டாம் வகுப்புப் பையனைப் 'பாப்பா' என்று அழைத்துப் பாடச் சொன்னால் அவன் 4 கட்டையிலும் பாடமாட்டான். அதையும் நான் 5 கட்டையில் எடுத்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

தமிழாசிரியை:
'பசுமை நிறைந்த' பாட்டை மட்டும் பள்ளிப் பாட்டு என்று எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்?

மேலவீதி:
நான் கேட்டது கட்டையைப் பற்றி. அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

நாடகக்காரர் பேரன்:
என் தாத்தா ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் என்பதால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது சிறுவர்களை வைத்துத்தான் நாடகம் போட்டார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் சுருதியை ஏற்றித்தான் ஆக வேண்டும், பிள்ளைகளும் ஏறிப் பாடினார்கள். ஆகவே 5 கட்டை ஒன்றும் பூதம் அல்ல.

ஆனால் சிறுவர்களே நடித்த அதே பாலர் கம்பெனிகளில் மகரக்கட்டு உடைந்த பையனுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ராஜபார்ட் என்ற நாயகன் வேடமும் ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடமும் கைவிட்டுப் போய், அவன் குரல் திரும்பும்வரை சின்ன வேடங்களில் நிற்பான். கம்பெனி முதலாளிக்கு இன்னொரு பையன் கிடைத்துவிடுவான். பள்ளிக்கூடத்தில் அப்படிப் பிள்ளையை ஓரங்கட்ட முடியுமா?

மேலவீதி:
நீங்கள் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. சங்கீத விவகாரத்தில் ஆர்மோனியக்காரர் வீட்டுச் சாட்சியம் எதற்கு? அகில இந்திய வானொலி 1940இல் அந்தப் பெட்டியைத் தள்ளிவைத்து 1971 வரை உள்ளே விடவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நாடகக்காரர் பேரன்:
சித்திரை மாதம் இதே இடத்தில் இதே வானொலிக் கதையை நீங்கள் சொன்னீர்கள், நான் அப்போதே பதில் சொன்னேன், மறந்திருக்கமாட்டீர்கள். தள்ளிவைக்கப்பட்ட அந்தப் பெட்டியின் கட்டைகளை எண்ணித்தானே அம்மையார் நாற்பது வரியாக '5 கட்டை, 5 கட்டை' என்று முழங்குகிறார்? கட்டை என்ற கணக்கே ஆர்மோனியம் கொடுத்தது. அது வேண்டாமென்றால் தம்புராவைப் பார்த்து "கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே" என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

மேலவீதி:
தாத்தாவின் பெருமையைப் பேரன் காப்பாற்றட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆர்மோனியத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் குழைவு, வராது என்று அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன். அது வேறு, 5 கட்டை வேறு.

பருத்தித்துறை வாணி:
வணக்கம். எங்கள் பக்கம், இலங்கையில், கர்நாடக சங்கீதம் அழகியற் பாடங்களில் ஒன்றாகத் தரம் 6இலிருந்தே இருக்கிறது, சாதாரண தரப் பரீட்சைக்கும் தோற்றலாம். நானும் சங்கீத ஆசிரியைதான். பள்ளி வாழ்க்கையைப் பற்றிய பாட்டுக்குத் திரைப்படத்திடம் போக வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை, ஏனெனில் பாடசாலைகளுக்குச் சொந்தமாகப் பாடசாலைக் கீதம் உண்டு. பழைய மாணவர்கள் கூடினாலும் எழுந்து நின்று அதைத்தான் பாடுவார்கள். சுருதியைப் பொறுத்தவரை நான் 1 கட்டையில் வைப்பேன். குரல் இறங்கிய ஆண்பிள்ளைகள் கீழே பாட, பெண்பிள்ளைகளும் குரல் மாறாத சிறுவர்களும் ஒரு ஸ்தாயி மேலே, அதாவது அடுத்த மேல் சட்ஜமத்திலிருந்து, பாடுவார்கள். இருவருக்கும் ஒரே சட்ஜமம்தான், எவரும் கத்த வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்பு அப்பா:
கணக்குச் சரியாக வருகிறது. கீழே 131 ஹெர்ட்ஸ், மேலே 262 ஹெர்ட்ஸ்.

மேலவீதி:
1 கட்டையில் பாதிக் குரல் மாறிய பையன் அந்தக் கீழ்ச் சட்ஜமத்துக்கே இறங்க முடியாமல் உறுமுவான், தங்கச்சி. எட்டாம் வகுப்பு ஆண்பிள்ளைகளில் பலர் 'பாதி மாறியவர்கள்'தான். பாடசாலைக் கீதம் இருப்பது உங்களுக்குப் பெருமை, இருக்கட்டும். இங்கே நாங்கள் காலை வழிபாட்டில் நாள்தோறும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறோம். மோகன ராகம், திஸ்ர நடை, 55 வினாடி. என் பள்ளியில் அதை 5 கட்டையில் எடுத்தேன், மைதானம் முழுவதும் பாடியது.

பருத்தித்துறை வாணி:
அக்கா, மைதானம் முழுவதும் பாடியதா, முன்வரிசைப் பெண்பிள்ளைகள் பாடி மற்றவர்கள் உதட்டை அசைத்தார்களா என்பதை மேடையில் நின்றபடி எப்படிக் கண்டுகொண்டீர்கள்? கீழ்ச் சட்ஜமம் எட்டாத பிள்ளைகள் இருப்பது உண்மைதான், அவர்களைப் பெண்பிள்ளைகளோடு மேலே விட்டுவிடுவேன். பரீட்சைக்குப் பாட வரும் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டுப் பழகியவள் நான், கூட்டத்தைக் கேட்டு முடிவு செய்வதில்லை.

மேலவீதி:
என் காதைச் சந்தேகிப்பது இதுவே முதல்முறை.

அரைநாள் ஆசிரியன்:
அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். வழிபாட்டில் யார் முதலில் தொடங்குகிறாரோ அவருடைய சுருதிதான் அன்றைய சுருதி. என் பள்ளியில் ஒரு நாள் 3 கட்டை, மறுநாள் 6 கட்டை. உயரமாகப் போகும் நாள்களில் எட்டாம் வகுப்பு வரிசைக்குப் பின்னால் போய் நின்று கேட்டேன், காற்றுதான் வருகிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்ட 16,549 பேரில் நானும் ஒருவன். பாட்டு, ஓவியம், தையல், உடற்கல்வி என்று எந்தப் பாடமானாலும் ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கியது. அந்தச் சம்பளத்தில் சுருதிப்பெட்டியும் நானே வாங்கினேன். மேலவீதி அம்மையார் தம்புராவும் முழுநேர வேலையும் வைத்திருந்த தெம்பில் 5 கட்டை பேசுகிறார்.

மேலவீதி:
சம்பளத்தை இங்கே கொண்டுவராதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளியில் தம்புராவும் இல்லை, பெட்டியும் இல்லை. என் தொண்டைதான் சுருதி. அந்தத் தொண்டை 5 கட்டையில் இருந்தது, பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

தமிழாசிரியை:
இதோ, அம்மையாரே சொல்லிவிட்டார்! 5 கட்டை பிள்ளைகளின் சுருதி அல்ல, டீச்சரின் சுருதி.

மேலவீதி:
நான் சொன்னதைத் திரிக்க வேண்டாம். ஆசிரியரைப் பார்த்துத்தான் பிள்ளை கற்கிறது; அவனவனுக்கு வாய்த்த இடத்தில் பாடிக்கொள் என்று விட்டால் அது சந்தைக் கூச்சல். பாப்பா பாட்டில் பள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்டேனே, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தமிழாசிரியை:
நான் முதலில் கேட்டதற்கும் வரவில்லை.

எட்டாம் வகுப்பு அப்பா:
அம்மையார் பாடுவதை ஒலிப்பதிவு செய்து அனுப்பினால், அவர் உண்மையில் எத்தனை கட்டையில் பாடுகிறார் என்று நான் அளந்து சொல்லத் தயார். நினைவில் 5 கட்டையாக இருப்பது பதிவில் 4½ கட்டையாகவும் இருக்கலாம்.

மேலவீதி:
ஆள் பார்த்துப் பேசுங்கள். என் சுருதியை அளக்கக் கைப்பேசி தேவையில்லை.

நாடகக்காரர் பேரன்:
ஆர்மோனியம் போதும்.

அரைநாள் ஆசிரியன்:
புதன்கிழமை எனக்கு எட்டாம் வகுப்பு இருக்கிறது. தமிழாசிரியை சொன்னபடி பிள்ளைகளையே நான்கு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன். மணி அடிக்க யார் ஓடுவது என்ற சண்டையை ஒருவன் எழுதியிருக்கிறான், வாய்மூடிக்கொண்ட அதே பையன்தான். சட்ஜமத்திலிருந்து பஞ்சமம் வரைக்குள் மெட்டு அடங்கும்படி வைத்திருக்கிறேன். 4 கட்டையில்தான் எடுப்பேன்.

மேலவீதி:
பஞ்சமத்தோடு நின்றுவிடுகிற பாட்டு பாட்டே இல்லை, அது வாய்ப்பாடு. வியாழக்கிழமை இங்கே வந்து எத்தனை பேர் பாடினார்கள் என்று மறைக்காமல் எழுதுங்கள். அந்தப் பையனின் வரிகளையும் போடுங்கள், 5 கட்டையில் நான் பாடி அனுப்புகிறேன்.