ஸ்டோரேஜ் பூல்: குளமா, திரளா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காப்புப்பிரதி (பேக்கப்) மென்பொருளின் அமைவுத் திரையில் வரும் 'ஸ்டோரேஜ் பூல்' என்பதற்குச் 'சேமிப்புக் குளம்' என்று நான் முன்வைத்ததும், சென்னை நண்பர்கள் இருவர் "நீச்சல் குளமா?" என்று கேட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாகத் 'தொகுதி', 'திரள்' என்ற சொற்களும் முன்வைக்கப்பட்டன. அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. ஆங்கிலத்தில் இந்தப் பூல் நீர்நிலையே அன்று. ஆடுவோர் எல்லோரும் நடுவில் வைக்கும் பந்தயப் பணத்தைக் குறித்த, 'கோழி' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. சொல்லுக்குச் சொல் பெயர்த்ததாகக் கொண்டால் குளம் பிழைதான். ஆயினும் அதைக் கைவிட எனக்கு மனம் வராததற்குக் காரணம் வேறு.

முதலில் நாங்களும் 'தொகுதி' என்றே எழுதினோம். கொழும்பில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் பாக்குலா என்ற காப்புப்பிரதி மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அதனுடன் வரும் மாதிரி அமைவுக் கோப்பில், கோப்புகளுக்கான பூலின் கீழ், ஒரு வொலியூமின் (தரவு எழுதப்படும் தனிக் கோப்பு அல்லது நாடாவின்) உச்ச அளவு 50 கிகாபைட், வொலியூம்களின் உச்ச எண்ணிக்கை 100, வைத்திருக்கும் காலம் 365 நாள் என்று இருக்கும். பூலையும் வொலியூமையும் தொகுதி என்றே பெயர்த்துவிட்டிருந்த எங்கள் குறிப்பை வாசித்த பயிற்சியாளர் தம்பி, "தொகுதியின் உச்ச அளவு 50 கிகாபைட்" என்ற வரியைக் கண்டு, மொத்த இடமே அவ்வளவுதான் என்று எண்ணி, ஒவ்வொரு துறைக்கும் ஒரு பூலாகப் பதினொன்றை உருவாக்கி வைத்திருந்தார். உண்மையில் ஒரே பூலில் 5 டெராபைட் கொள்ளும். பிழை அவருடையது அன்று. புத்தகத்தின் தொகுதி போலத் தனித்தனியே பெயரிடப்பட்டிருக்கும் வொலியூமுக்குத் தொகுதி என்பது பொருந்துகிறது. அதை அதற்கே விட்டுவிடுவோம்.

அப்படியானால் பூல் என்பது என்ன? அது ஓர் இடம் அன்று. ஒரே விதிக்கு உட்பட்ட, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்துக்கொள்ளக்கூடிய தொகுதிகளின் பொதுச்சொத்து அது. காப்புப்பிரதிப் பணி ஒன்று தொடங்கும்போது அதிலிருந்து ஒரு தொகுதியை எடுத்து எழுதுகிறது. வைத்திருக்கும் காலம் முடிந்ததும் அத்தொகுதி மீண்டும் எழுதப்படத் தகுந்ததாக அங்கேயே திரும்புகிறது. எடுப்பதும் திரும்புவதும், இரண்டையும் ஆளும் விதியும் சேர்ந்ததே பூல். 'திரள்' என்ற சொல்லில் இவற்றுள் எதுவும் இல்லை. திரள் சேரும், கலையும். அதற்குப் பங்கீடு கிடையாது.

குளத்துக்குப் பங்கீடு உண்டு. சென்னைப் பக்கம் பாசனத்துக்கு ஏரி, குளிக்கக் குளம் என்ற பழக்கத்தால் சிரிப்பு வருகிறது போலும். இலங்கையில் நீந்துவது நீச்சல் தடாகத்தில்; குளம் என்றால் இரணைமடுவும் வவுனிக்குளமும் கட்டுக்கரைக்குளமும்தான். மழைக்கு நிறைந்து, கொள்ளளவு மிஞ்சினால் வான் பாய்ந்து, துருசு (மதகு) திறந்தால் வாய்க்கால் வழியே முறைவைத்து வயல்களுக்குப் போகும் பொதுநீர் அது. சிறுபோகம் என்னும் இரண்டாம் நெற்பருவத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதை நீர்மட்டம் பார்த்துக் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். கொள்ளளவு, காலம், பங்கு ஆகிய மூன்றும் எங்கள் அமைவுத் திரையிலும் அப்படியே நிரப்பப்படுகின்றன. பேரை வாவியைத் தவிர வேறு நீர்நிலை பார்த்து வளராத கொழும்புப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உவமை முழுதாகப் பொருந்துகிறது என்றும் சொல்லமாட்டேன். குளத்து நீருக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட முடியாது, தொகுதிக்கு ஒட்டுகிறோம்.

உண்மையான சிக்கல் முகிலில் (கிளவுட்), அதாவது இணையவழிச் சேமிப்பில்தான் வருகிறது. 'முகில் சேமிப்புக் குளம்' என்பது கேட்க இனிமையாகவே இருக்கிறது; முகிலுக்கும் குளத்துக்கும் பழைய உறவு. ஆனால் அமேசானின் எஸ்3 போன்ற சேவைகளில் தரவு போய்ச் சேரும் இடத்தின் பெயர் 'பக்கெட்'. அதை வாளி என்று பெயர்த்தால், குளத்தின் நீர் முழுவதும் வாளிக்குள் இருப்பதாக எழுதவேண்டி வரும். அதை வாசிப்பவர் திரையை மூடிவிடுவார். கொள்கலன் என்போம் என்றால், மைக்ரோசாஃப்டின் முகில் சேவையான அசூரில் அந்த இடத்துக்குக் 'கொண்டெய்னர்' என்றே பெயர். பெட்டகத்தை 'வோல்ட்' என்பதற்கு ஒதுக்க வேண்டும். சேவை வழங்குநரின் தளத்தில் பயனர் உருவாக்கி, அதன் பெயரை எழுத்துப் பிசகாமல் இங்கே தட்டச்சு செய்யவேண்டியிருப்பதால், பக்கெட் என்பதை ஒலிபெயர்ப்பாகவே வைப்பது நல்லது என்பது என் கருத்து. எல்லாவற்றையும் தமிழாக்கியே தீரவேண்டும் என்ற பிடிவாதத்தால் வரும் சேதம், ஒலிபெயர்ப்பால் வருவதைவிடப் பெரிது.

முகிலுக்கு அனுப்புமுன் தரவு தங்கும் உள்ளூர் 'கேஷ்' பகுதிக்கு ஒருவர் 'பதுக்ககம்' என்றிருந்தார். அரிசியும் பால்மாவும் பதுக்கியதை அறிந்த ஊரில் அந்தச் சொல் வேண்டாம். 'இடைத்தேக்கம்' போதும், குளத்துக்கும் அது இனமானது.

'ஸ்க்ராட்ச் பூல்' ஒன்று மிஞ்சுகிறது. மற்றக் குளங்களில் எழுதத் தொகுதி இல்லாதபோது கொடுப்பதற்காக வெற்றுத் தொகுதிகளை வைத்திருப்பது அது. 'வெற்றுக் குளம்' என்றால் வற்றிய குளம் என்றாகிவிடும். 'கையிருப்புக் குளம்' என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். அதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் அடுத்த பதிப்புக்கு முன் மாற்றிவிடலாம்.