காகிதத்தின் 'டூத்': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேணும்

திருப்பூரிலிருந்து, திங்கள் காலை

வணக்கமுங்க. பள்ளி ஓவிய ஆசிரியர்களுக்கான கையேடு, வரைபொருள் தேர்வு பற்றியது, வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகோணும். பென்சில், கரி, நிப்பு, வண்ணப் பென்சில் எல்லாம் தமிழுக்கு வந்தாச்சு. காகிதத்தின் 'டூத்', இங்கிலீஷில் பல் என்கிறது, மட்டும் வரமாட்டேங்குது. பரப்பில் இருக்கிற நுண்ணிய மேடுபள்ளம். மேடு பென்சிலைச் சுரண்டும், பள்ளம் அந்தத் தூளை வாங்கி வைத்துக்கொள்ளும். இந்த மூணு வாக்கியத்திலும் உட்காருகிற சொல்லாக இருந்தால் போதும்:

கரித்துண்டுக்கு நல்ல ....... உள்ள தாள் வேண்டும்.
வண்ணப் பென்சிலை அடுக்கடுக்காக ஏற்றினால் ....... நிரம்பிவிடும், அதற்குமேல் வண்ணம் ஏறாது.
நிப்பால் வரைய ....... குறைந்த தாள் நல்லது. இல்லாவிட்டால் மை பிசிறும்.

இப்போதைக்கு 'சொரசொரப்பு' என்று போட்டு வைத்திருக்கேன். ரெண்டாவது வாக்கியத்தில் உதைக்குது. சொரசொரப்பு எப்படிங்க நிரம்பும்?

கோபியிலிருந்து, திங்கள்

முதல் வாக்கியத்திலேயே ஒரு சிக்கல். அகராதியில் 'கரிக்கோல்' பென்சிலுக்குப் போய்விட்டதால்தான் கரிக்குக் 'கரித்துண்டு' என்று இறங்கி வந்திருக்கிறீர்கள். கரிக்கோலைக் கரிக்கே திருப்பிக் கொடுங்கள். பென்சில் பென்சிலாகவே இருக்கட்டும், அதில் கரி இல்லை. கிராஃபைட் பொடியும் களிமண்ணும்தான். 1795-இல் பிரெஞ்சுக்காரர் கோன்டே காப்புரிமை பெற்ற அதே கலவை. களிமண் கூடினால் H, அதாவது கடினம்; குறைந்தால் B, அதாவது மென்மையும் கருப்பும்.

'டூத்'துக்குக் 'கருக்கு' என்று வையுங்கள். பனங்கருக்கு, கருக்கரிவாள்: வெட்டவும் சுரண்டவும் செய்கிற விளிம்பு. இதைவிடத் தமிழாக என்ன வேண்டும்?

சென்னிமலையிலிருந்து, திங்கள் மாலை

வகுப்பில் போய் "தாளின் கருக்கைப் பார்" என்றால் பையன் தாளைக் கருக்கிவிடுவான். ஓவியத்தில் கருப்பேற்றுவதுதானே அன்றாட வேலை. வேண்டாமுங்க.

அம்மணி, 'சொரசொரப்பு' தப்பு என்பதற்கு நிரம்புவது மட்டும் காரணமில்லை. கைக்குத் தெரிவது சொரசொரப்பு, பென்சிலுக்குத் தெரிவதுதான் நீங்கள் கேட்பது. ரெண்டும் எப்போதும் ஒன்றாக வராது. நீர்வண்ணத்துக்கான முரட்டுத் தாளில் குழி பெரிசு, விரலுக்கு நன்றாகத் தெரியும். மெல்லிய பென்சில் கோடு அதில் துள்ளித் துள்ளிப் போகும். பேஸ்டல் என்கிற வண்ணப்பொடிக் குச்சிக்கான நல்ல தாளைத் தடவினால் வெல்வெட் மாதிரி இருக்கும், பொடியை விடாமல் பிடிக்கும். சோதிக்க 4B பென்சிலைப் படுக்கவைத்து, கையின் எடை மட்டும் பட, ஒரு விரற்கடை நிழலடிக்கோணும். வெள்ளைப் புள்ளிகள் விடுபடும். அவை பொடியாகவும் நெருக்கமாகவும் இருந்தால் பென்சிலுக்கும் வண்ணப் பென்சிலுக்கும் ஆகும். பெரிசாகத் திட்டுத்திட்டாக இருந்தால் கரிக்கு விடலாம். புள்ளியே விழாமல் பளபளவென்று சாம்பல் பூத்தால் நிப்புக்கு ஒதுக்கலாம். அந்தத் தாளில் 6B-யை எத்தனை அழுத்தினாலும் கருப்பு ஏறாது, மினுமினுப்புதான் ஏறும். கரியோ, ஊதினால் பாதி போய்விடும்.

கையேட்டில் இன்னொன்றும் சேருங்க. கனம் வேறு, இது வேறு. 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம், என்று கேட்டு வாங்கிவிட்டு "சார், பிடிக்கவே மாட்டேங்குது" என்பார்கள். சூட்டில் அழுத்திய தாள் 300 ஜிஎஸ்எம்மிலும் வழுவழுவென்றுதான் வரும். சாதாரண 130 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் ஓவியத் தாள் பென்சிலுக்கு அதைவிட நன்றாக உழைக்கும்.

சிங்காநல்லூரிலிருந்து, திங்கள் இரவு

எதுக்குங்க சுத்தி வளைக்கோணும்? 'பல்'லுன்னே போடுங்க. இங்கிலீஷ்காரன் சொன்னதால தள்ள வேண்டியதில்லை. ரம்பத்துக்குப் பல், சீப்புக்குப் பல், அரத்துக்குப் பல். பட்டறையில் அலுமினியத்தை அராவினால் துகள் பல்லில் அடைச்சுக்கும், அப்புறம் அரம் வழுக்கும். உங்க ரெண்டாவது வாக்கியம் அப்படியே அதுதான்: "பல் அடைத்துவிடும்". அரத்துக்காவது கம்பி பிரஷ் இருக்குது, சாக்பீஸ் தேய்ச்சும் தப்பிக்கலாம். காகிதத்தில் வண்ணப் பென்சில் மெழுகு அடைச்சா எடுக்கவே முடியாது.

கோபியிலிருந்து, செவ்வாய்

'பல் உள்ள தாள்' என்றால் தபால்தலையின் ஓரம்தான் கண்ணில் வருகிறது.

காங்கேயத்திலிருந்து, செவ்வாய்

'சுணை' பார்த்தீங்களா? சோளத்தட்டில் கைபட்டால் அரிக்கிறதே, அது. தாளை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் நார்நுனி அப்படித்தான் தெரியும்.

திருப்பூரிலிருந்து, செவ்வாய்

நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா வழுவழுத் தாளைச் 'சுணை கெட்ட தாள்' என்று எழுதவேண்டி வரும்.

பொள்ளாச்சியிலிருந்து, செவ்வாய் மாலை

அன்பர்களே, சொல் நம் அடுப்பங்கரையிலேயே கிடக்கிறது: பொளி. அம்மி தேய்ந்து வழுவழுப்பானால் உளியால் பொளிகிறோம். பொளிந்த கல்தான் மிளகாயைப் பிடிக்கும். பள்ளத்தில் விழுது தங்கும். முதனிலைத் தொழிற்பெயராக நின்று, ஆகுபெயராய் அந்த மேடுபள்ளத்தைக் குறிக்கட்டும். "வண்ணம் ஏற ஏறப் பொளி தூர்ந்துவிடும்." கிணறு தூர்வது போல. 'நிரம்பும்' கூடத் தேவையில்லை.

வேர் பொள். உளி படாத மணி பொள்ளா மணி. உளியால் பொள்ளப்படாமல் தானாய்த் தோன்றியவர் திருநாரையூர்ப் பொள்ளாப் பிள்ளையார். நாவில் புரண்டு பொல்லாப் பிள்ளையார் ஆனார். பொள்ளல், பொத்தல், பொந்து, பொக்கை எல்லாம் ஒரே குடும்பம். பொழில் ஆட்சி, பொழில் வாய்ச்சி என்று எங்கள் ஊர்ப்பெயரைப் பிரிக்கிறவர்கள் இந்தப் பொள்ளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். பொள் ஆட்சி, கல் பொளிந்தவர் ஊர்...

சிங்காநல்லூரிலிருந்து, செவ்வாய்

ஐயா, பல்லுக்குச் சொல் தேடப் போய்ப் பொக்கையில கொண்டுவந்து நிறுத்திட்டீங்களே!

கோபியிலிருந்து, செவ்வாய் இரவு

"மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியர் சொல்லி வைத்தது இதற்குத்தான். ஊர்ப்பெயரை விடுங்கள். லகர ளகரம் குழம்புகிற வகுப்பில் 'பொளி' எப்படி ஒலிக்கும்? காங்கேயம் பக்கம் 'பொலி' என்றால் பொலிகாளை. "நல்ல பொலி உள்ள தாள்" என்று ஆசிரியர் சொன்னால் பின்பெஞ்சு சிரிக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து, செவ்வாய் இரவு

சிரித்தால் மறக்கமாட்டான். ளகரத்தையும் அப்போதே கற்பிக்கலாம். 'பழையன கழிதலும்' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். நன்னூல் எழுதிய சீனாபுரத்துப் பவணந்தி நம் ஊர்க்காரர் என்பதற்காக எல்லா வழக்கிலும் அவரைச் சாட்சிக்கு இழுக்கிறோம்.

சென்னிமலையிலிருந்து, புதன்

ஐயா சொன்ன 'தூர்ந்துவிடும்' வாக்கியம் எனக்குப் பிடிச்சிருக்குது. ஆனால் வீட்டில் மிக்சி. கிரைண்டர் கல்லுக்கும் 'கொத்துறது' என்றுதான் காதில் விழுது. 'பொளி'யை விளக்க அம்மியை விளக்கோணும், அம்மியை விளக்க அரைமணி நேரம் போகும்.

இதற்கிடையில் மூணாவது வாக்கியத்தை யாரும் பார்க்கலை. அது தப்புங்க. நிப்பில் ரெண்டு கோளாறு வரும். நிப்பின் பிளவு நாரில் மாட்டி, விடுபடும்போது மை தெறிப்பது ஒன்று. அதுதான் இந்த மேடுபள்ளத்தின் வேலை. கோட்டின் ஓரத்தில் வேர்விட்ட மாதிரி மை பரவுவது வேறு, அது கஞ்சிக் குறைவு. நம்ம சைசிங்கில் பாவுக்கு, அதாவது நெசவின் நீளவாட்டு நூலுக்கு, கஞ்சி போடுகிற மாதிரி காகிதத்துக்கும் போடுகிறார்கள். கஞ்சி போதாத பாவில் பிசிறு எழும்பி இழை அறும். கஞ்சி போதாத தாளில் மை ஊறிப் பரவும். வழுவழுப்பான தாளிலும் பரவும். கடினமான ரப்பரால் தேய்த்த இடத்திலும் பரவும், மேல்கஞ்சி போய் நார் எழும்பிவிடும். அதனால் மை போடுகிற படத்துக்கு அடிக்கோடு லேசாக HB-யில் இருக்கட்டும். அழிக்கப் பிசையும் ரப்பரை ஒற்றி எடுத்தால் போதும்.

கோபியிலிருந்து, புதன்

காகிதத்துக்கு ஜெலட்டினும் போடுவார்கள். அதுவும் கஞ்சியா?

சென்னிமலையிலிருந்து, புதன்

பாவுக்குப் பாலிவினைல் ஆல்கஹால் போடுறாங்க. பேர் கஞ்சிதானுங்களே.

திருப்பூரிலிருந்து, வியாழன் இரவு

மூணாவது வாக்கியத்தை ரெண்டாக உடைச்சாச்சு. 'கஞ்சி' அப்படியே உள்ளே போகுது. 'டூத்'துக்குச் சென்னிமலை சார் தன்னை அறியாமலே 'பிடிக்கும்' என்றாரே, அதிலிருந்தே எடுத்துக்கறேன்: பிடிப்பு. நல்ல பிடிப்பு உள்ள தாள், பிடிப்பு அடைபட்டுவிடும், பிடிப்பு குறைந்த தாள். வாயுப்பிடிப்பு ஞாபகம் வருமென்று சிங்காநல்லூரிலிருந்து தனியாக எழுதியிருந்தாங்க. வரட்டுமுங்க. பல், கருக்கு, சுணைக்காரர்களும் சரி என்றுட்டாங்க, பாதி அலுப்பில்தான். பின்னால் வரும் சொற்பட்டியலில் 'பிடிப்பு, பொளி' என்று ரெண்டும் இருக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து, வியாழன் இரவு

பிடிப்பு என்பது விளைவு, பொளி என்பது உறுப்பு. பேஸ்டல் போடுமுன் அட்டையில் படிகக்கல் தூள் கலந்த ஜெசோ என்கிற அடிப்பூச்சைப் பூசுகிறார்களே, அப்போது பூசுவது பிடிப்பையா, பொளியையா? பட்டியலில் 'பொளி'யை முன்னால் வைக்கவும். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

சென்னிமலையிலிருந்து, வெள்ளி காலை

அம்மணி, அச்சகத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னால ஒண்ணு. கடைசி நாலு பயிற்சிப் பக்கத்தையும் ஆர்ட் பேப்பரில் அடிச்சிராதீங்க. மேல்பூச்சு இருக்கிறதால அதில் பிடிப்பும் கிடையாது, பொளியும் கிடையாது. 2B கூட நழுவும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் பூச்சில்லாத மேப்லித்தோ தாள் போடச் சொல்லுங்க, 100 ஜிஎஸ்எம்முக்குக் குறையாம.