ஆட்டோகேட் ஸ்க்ரீன்ல தெரியற லைன் பிளாட்ல (பிரிண்ட்ல) காணோம், டேஷ் லைன் எல்லாம் முழு கோடா வருது, யாராவது பாருங்க

கோணல்_கோடு:
வணக்கம் மக்களே. ஆட்டோகேட்ல (வரைபட சாஃப்ட்வேர்) ஒரு வீட்டு பிளான், ஏ1 ஷீட், வியூபோர்ட் (ஷீட்ல பிளானைக் காட்டற ஜன்னல்) 1:100, மோனோக்ரோம் சிடிபி (எந்த கலர் எப்படி பிரிண்ட் ஆகணும்னு சொல்ற ஃபைல்) போட்டு பிடிஎஃப் எடுக்கறேன். பிரச்சனை ஒண்ணு இல்ல, வரிசையா நிக்குது. காம்பவுண்ட் சுவர் லைன் மாடல்லயும் (வரையற இடம்) லேஅவுட்லயும் (ஷீட்டை அமைக்கற இடம்) பளிச்சுனு தெரியுது ஆனா பிடிஎஃப்ல அந்த இடமே காலி. மேல போற பீம் எல்லாம் ஹிடன் லைன்டைப் (டேஷ் கோடு), மாடல்ல அழகா வெட்டி வெட்டி தெரியுது, லேஅவுட் போனா முழு கோடு. பில்லர் ஹேட்ச் (உள்ள நிரப்பற பேட்டர்ன்) லேசா தெரியற மாதிரி ட்ரான்ஸ்பரன்ஸி வச்சிருந்தேன், பிடிஎஃப்ல கனமா அடிச்சு உள்ள இருக்கற நம்பரையே மறைச்சிடுச்சு. சர்வே ஆள் அனுப்பின ஃபைல்ல இருந்து காப்பி பண்ணின மரம் மட்டும் பச்சையாவே வருது, மோனோக்ரோம்னா எல்லாம் கருப்பா தானே வரணும்? போதாததுக்கு வட்டம் எல்லாம் எட்டு மூலையா தெரியுது. நாளைக்கு ஷீட் குடுக்கணும், கை குடுங்க.

ரீஜென்_ராஜா:
ப்ரோ முதல்ல ரீஜென்ஆல் (திரையை திரும்ப வரையற கமாண்ட்) அடிங்க. அப்படியும் சரி ஆகலன்னா கிராபிக்ஸ்கான்ஃபிக் போய் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனை ஆஃப் பண்ணுங்க, கார்டு டிரைவரை அப்டேட் பண்ணுங்க. எனக்கு பாதி நேரம் இதுலயே சரி ஆயிடும்.

லேயர்_அக்கா:
எதைக் கேட்டாலும் டிரைவர் அப்டேட்னு சொல்றது இப்ப வழக்கமாவே போச்சு 🙂 ரீஜென், ஆக்ஸிலரேஷன் எல்லாம் ஸ்க்ரீன் சமாச்சாரம், இவர் கேட்டதுல அது வட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும். அதுக்கு ரீஜென் போதும், அடிக்கடி வந்தா வியூரெஸ் (வட்டம் திரைல எவ்வளவு வழவழப்பா தெரியணும்ங்கற செட்டிங்) கூட்டி 5000 மாதிரி வச்சுக்கோங்க, பிளாட்ல வட்டம் ஒழுங்காதான் வரும், கவலைய விடுங்க.

மத்ததுக்கு முதல்ல பிளாட் டயலாக்ல பிரிவியூ பாருங்க. பிரிவியூலயே தப்பா இருந்தா கோளாறு டிராயிங்லயோ சிடிபிலயோ இருக்கு. பிரிவியூ சரியா இருந்து பேப்பர் மட்டும் தப்பா வந்தா அப்பதான் பிளாட்டர், டிரைவர் பக்கம் போகணும்.

காணாம போற லைனுக்கு நான் முதல்ல சந்தேகப்படறது டெஃப்பாயிண்ட்ஸ் லேயர் (லேயர்னா கோடுகளை பிரிச்சு வைக்கற அடுக்கு). டைமென்ஷன் போட்டதும் தானா வந்து உக்காந்துக்கும், அதுல இருக்கறது எதுவும் பிளாட் ஆகாது, பிளாட்டை ஆன் பண்ணவும் விடாது. பிளாக் (ஒரே பொருளா கட்டி வச்ச படம்) உள்ள லேயர் 0ல வரைஞ்சு அந்த பிளாக்கை டெஃப்பாயிண்ட்ஸ்ல இன்சர்ட் பண்ணியிருந்தாலும் இதே கதி. அது இல்லன்னா லேயர் மேனேஜர்ல அந்த லேயருக்கு நேரா பிரிண்டர் ஐகான்ல சிவப்பு கோடு விழுந்திருக்கானு பாருங்க. வியூபோர்ட் பார்டர் பிளாட்ல வராம இருக்க நாமளே ஒரு நோ பிளாட் லேயர் வச்சிருப்போம்ல, அந்த லேயர் கரண்ட்டா இருக்கும்போது சுவரை வரைஞ்சிடறவங்க நிறைய பேர்.

கோணல்_கோடு:
அக்கா நன்றி, வட்டம் ரீஜென்லயே சரி ஆயிடுச்சு. பிரிவியூலயும் காம்பவுண்ட் சுவர் இல்ல. லேயரைப் பார்த்தேன், டெஃப்பாயிண்ட்ஸ் இல்ல, தனி லேயர், பிரிண்டர் ஐகான் ஆன்ல தான் இருக்கு, ஃப்ரீஸும் இல்ல. அதுவும் அந்த சர்வே ஃபைல்ல இருந்து வந்ததுதான். கலர் வெள்ளை, மத்த சுவரும் வெள்ளைதான், அதெல்லாம் வருதே?

பிளாட்டர்_தாத்தா:
தம்பி, அந்த வெள்ளைய கொஞ்சம் உத்துப் பாருங்க. லேயர் மேனேஜர்ல கலர் காலத்துல "ஒயிட்"னு எழுதியிருக்கா, இல்ல 255,255,255னு நம்பரா இருக்கா? ரெண்டும் கருப்பு பேக்ரவுண்ட்ல ஒரே மாதிரிதான் தெரியும். "ஒயிட்"னா அது இண்டெக்ஸ் கலர் 7, கருப்பு திரைல வெள்ளையா காட்டும், பேப்பர்ல கருப்பா அடிக்கும். 255,255,255னா ட்ரூ கலர் (சிவப்பு, பச்சை, நீலம் அளவை நம்பரா சொல்ற கலர்), எங்க போனாலும் வெள்ளைதான், வெள்ளை பேப்பர்ல வெள்ளை கோடு அடிச்சிட்டு வந்துடும், நாம காணோம் காணோம்னு தேடிட்டு இருப்போம். லேஅவுட் பேக்ரவுண்டையும் கருப்பா மாத்தி வச்சிருப்பீங்கனு நினைக்கறேன், இல்லன்னா லேஅவுட்லயே அந்த கோடு மறைஞ்சிருக்கும்.

பச்சை மரமும் இதே கேஸ் தான். சிடிபி பார்க்கறது 1 முதல் 255 வரைக்கும் உள்ள இண்டெக்ஸ் கலரை மட்டும்தான். ட்ரூ கலரையும் கலர் புக்ல எடுத்த கலரையும் அது தொடவே தொடாது, மோனோக்ரோம் போட்டாலும் உள்ளது உள்ளபடியே அடிக்கும். வேற சாஃப்ட்வேர்ல இருந்து எக்ஸ்போர்ட் ஆகி வர்ற ஃபைல்ல இது சர்வ சாதாரணம். லேயர் மேனேஜர்ல கலர் காலத்தை க்ளிக் பண்ணி சார்ட் பண்ணுங்க, மூணு நம்பர் போட்ட லேயர் எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும், அத்தனையையும் இண்டெக்ஸ் கலருக்கு மாத்திடுங்க. மரத்துக்கு பிளாக் உள்ளேயே கலர் குடுத்திருப்பாங்க, அதுக்கு செட்பைலேயர் கமாண்ட் (தனி கலரை எடுத்துட்டு லேயர் கலருக்கே மாத்தும்), பிளாக்கையும் சேர்க்கவானு கேக்கும்போது யெஸ் குடுங்க.

டேஷ் லைனுக்கு ஒண்ணு சொல்லுங்க, எல்டிஸ்கேல் (டேஷ் நீளத்தை பெருக்கற எண்) எவ்வளவு வச்சிருக்கீங்க?

கோணல்_கோடு:
தாத்தா!! 255,255,255 தான். கலர் 7 ஆக்கினதும் சுவர் வந்துடுச்சு, செட்பைலேயர் போட்டு மரமும் கருப்பாயிடுச்சு. லேஅவுட் கருப்புதான், கண்ணு கூசுதுனு மாத்தி வச்சிருந்தேன். எல்டிஸ்கேல் 100, 1:100 டிராயிங்குக்கு அப்படித்தான் வைக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க.

பிளாட்டர்_தாத்தா:
அது பழைய பழக்கம், பிஎஸ்எல்டிஸ்கேல் (லேஅவுட்ல டேஷை வியூபோர்ட் ஸ்கேலுக்கு ஏத்த மாதிரி மாத்தற செட்டிங்) 0ல வச்சிருந்தா சரிதான். உங்களுக்கு அது 1ல இருக்கும், அப்ப டேஷ் நீளத்தை பேப்பர் அளவுக்கு ஏத்த மாதிரி அதுவே பார்த்துக்கும். கணக்கு போட்டுப் பாருங்க, மெட்ரிக் லைன்டைப் ஃபைல்ல ஹிடனோட ஒரு டேஷ் 6.35, இடைவெளி 3.175. எல்டிஸ்கேல் 100ஆல பெருக்கினா பேப்பர் மேல ஒரு டேஷ் மட்டும் 635 மில்லிமீட்டர். ஷீட் அகலமே 841 தான், அப்புறம் எந்த பீம்ல இடைவெளி தெரியும்? லைன் டேஷாதான் இருக்கு, முதல் டேஷ் முடியறதுக்குள்ள பீம் முடிஞ்சுடுது.

எல்டிஸ்கேல் 1, பிஎஸ்எல்டிஸ்கேல் 1, எம்எஸ்எல்டிஸ்கேல் (மாடல்ல டேஷை அனோட்டேஷன் ஸ்கேலுக்கு ஏத்த மாதிரி மாத்தறது) 1 வச்சு மாடல்ல அனோட்டேஷன் ஸ்கேலை 1:100 ஆக்கிட்டு ரீஜென்ஆல் அடிங்க, இங்க நம்ம ரீஜென் ராஜா சொன்னது வேலை செய்யும். டேஷ் இன்னும் பெரிசா தெரிஞ்சா எல்டிஸ்கேல் 0.5. 1:50 டீடெய்ல் ஒண்ணு அதே ஷீட்ல போட்டாலும் ரெண்டுலயும் டேஷ் ஒரே நீளத்துல வரும்.

லேயர்_அக்கா:
ஹேட்ச் விட்டுப் போச்சு. பிளாட் டயலாக்ல பிளாட் ட்ரான்ஸ்பரன்ஸினு ஒரு டிக் இருக்கு, சாதாரணமா ஆஃப்ல தான் இருக்கும், அதனாலதான் ஸ்க்ரீன்ல லேசு, பிளாட்ல கனம். டிக் போட்டா சரியாகும், ஆனா ஷீட்டோட ஒரு பாகம் ராஸ்டரா மாறி பிடிஎஃப் கனமாகி சின்ன எழுத்து மங்கலா தெரிய வாய்ப்பிருக்கு, எனக்கு அது பிடிக்காது. ட்ரான்ஸ்பரன்ஸிய எடுத்துட்டு ஹேட்சுக்கு தனியா ஒரு இண்டெக்ஸ் கலர் குடுத்து, சிடிபிய வேற பேர்ல சேவ் பண்ணி அந்த கலருக்கு ஸ்க்ரீனிங் (மை அடர்த்தி சதவீதம்) 30 வைங்க. அப்புறம் ஹேட்ச்டுபேக், டெக்ஸ்ட்டுஃப்ரண்ட் ரெண்டும் அடிச்சா நம்பர் மேல வந்துடும்.

கோணல்_கோடு:
ஸ்க்ரீனிங் 30 அருமையா வந்திருக்கு அக்கா, டேஷும் லேஅவுட்ல வெட்டி வெட்டி தெரியுது. கடைசியா ஒண்ணு, பிடிஎஃப்ப திறந்து மவுஸ் கொண்டு போனா ஒவ்வொரு எழுத்து மேலயும் ஒரு கமெண்ட் பெட்டி வருதே, அது என்ன?

ரீஜென்_ராஜா:
இது எனக்குத் தெரியும் 😄 எஸ்எச்எக்ஸ் ஃபாண்ட் (ஆட்டோகேட்டோட சொந்த எழுத்து வகை) வெறும் கோடாதான் பிளாட் ஆகும், அதை தேட முடியணும்னு ஆட்டோகேட் கமெண்டா சேர்த்து வைக்குது. கமாண்ட் லைன்ல பிடிஎஃப்எஸ்எச்எக்ஸ் டைப் பண்ணி 0 குடுத்துட்டு திரும்ப பிளாட் பண்ணுங்க, போயிடும்.